மண் அடிக்கும் தம்பிமாரே, காற்றுப் போகும் வழியை அடைக்காதீர்கள்

கடந்த மாதம் கொக்கிளாய்க்கும் கொக்குத்தொடுவாய்க்கும் இடையில் ஒரு வளவுக்குப் போயிருந்தேன். தெரிந்த சம்மாட்டி ஒருவரின் உழவு இயந்திரப் பெட்டி அங்கே துரு எடுக்க நின்றது. வளவுக்காரத் தம்பிக்கு வயது இருபத்தாறு. லீசிங்கில் எடுத்த கொம்பிறசர் ஒன்று. அதற்குப் பக்கத்தில் பழைய லொறியின் பிரேக் காற்றுத் தாங்கியை வெட்டி ஒட்டித் தானே செய்த மண் தாங்கி. மேலே மண் கொட்ட ஆறு அங்குல வாய், அதற்குத் திருகு மூடி. கீழே ஒரு குழாய், அதிலிருந்து ஹோஸ், முனையில் நொசில். வேலையை நிறுத்த நொசிலுக்குப் பின்னால் ஒரு சாதாரண தண்ணீர்க் குழாய் வால்வ். அவ்வளவுதான்.

வெல்டிங் நன்றாகத்தான் இருந்தது. கைத்திறன் உள்ள பிள்ளை. நான் ஒன்றுதான் கேட்டேன்.

"தம்பி, வேலை முடிஞ்சால் இதுக்குள்ள இருக்கிற காத்தை எப்பிடி வெளியில விடுவாய்?"

"மூடியை மெல்ல மெல்லக் கழட்டுவன் அண்ணை. சீறிக்கொண்டு போகும். சத்தம் நிண்ட பிறகு முழுசாக் கழட்டுறது."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தும் அந்தப் பதில் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கரையில் இரும்புக்கு ஆயுள் குறைவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. கரைவலை இழுக்கும் உழவு இயந்திரத்தின் றிம், படகு ஏற்றும் பெட்டி, நங்கூரம், தண்ணீர் பவுசர், வாடியின் கேற் எதுவானாலும் இரண்டு மாரி கண்டால் பொருக்கு விடும். கம்பித் தூரிகையால் தேய்த்துப் பெயின்ற் அடித்தால் ஆறு மாதத்தில் அடியிலிருந்து கொப்பளித்து வரும். சான்ட் பிளாஸ்ரிங் செய்து, அதாவது மண் அடித்து வெள்ளை இரும்பாக்கிவிட்டுப் பெயின்ற் பூசினால் அது வருடக்கணக்கில் நிற்கும். ஆகவே இந்தத் தொழிலுக்கு இங்கே இடம் உண்டு. மீள்குடியேறி வந்த பிள்ளைகள் கையில் எடுக்கக்கூடிய நல்ல தொழில்தான். நான் வேண்டாம் என்று சொல்லவரவில்லை.

நானும் அதைச் செய்தவன்தான். 2012 இலிருந்து ஏழு வருடம் வளைகுடாவில் ஒரு கப்பல் திருத்தும் தளத்தில் மண் அடித்தேன். முதல் இரண்டு வருடம் நொசில் பிடித்தேன். பிறகு தாங்கிகளைப் பராமரிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள்.

தாங்கி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பனித் தாங்கியின் மேல் வாய்க்கு அடியில் காளான் குடை போன்ற ஓர் அடைப்பான் தொங்கும். உள்ளே காற்று வரும்போது அது மேலெழும்பி, வாயில் உள்ள றப்பர் வளையத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். காற்று வெளியேறியவுடன் தானாகக் கீழே விழும், மேலே குவித்திருக்கும் மண் உள்ளே இறங்கும். அதாவது அமுக்கம் இருக்கும்வரை அந்த வாயைத் திறக்கவே முடியாது. கழற்றுவதற்கு மூடியே இல்லை. நொசில் பிடிப்பவர் கையில் ஒரு கைபிடி இருக்கும். அழுத்தினால் காற்று உள்ளே வரும். விட்டால் உள்வரும் வால்வ் பூட்டிக்கொள்ளும், வெளியேற்றும் வால்வ் திறந்து தாங்கிக் காற்று முழுவதும் ஒரு சைலன்சர் வழியாக வெளியே போகும். ஆங்கிலத்தில் அதை டெட்மன் கைபிடி என்பார்கள். பிடித்திருப்பவன் மயங்கி விழுந்தாலும், இறந்தே விழுந்தாலும், கை விடும், மண் நிற்கும்.

தம்பியின் தாங்கியில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. காற்று உள்ளே போக வழி இருந்தது. வெளியேற மூடிதான் வழி.

100 பிஎஸ்ஐ என்றால் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 100 இறாத்தல் தள்ளுகிறது என்று பொருள். ஆறு அங்குல மூடியின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர அங்குலம். ஆக அந்த மூடியை உள்ளிருந்து தள்ளுவது 2800 இறாத்தல், ஒன்றேகால் தொன். இருபத்தைந்து சீமெந்துப் பைகளை அடுக்கி வைத்த பாரம். அதைத் திருகின் நாலு புரி தாங்கிப் பிடிக்கிறது, அந்தப் புரியை ஒவ்வொரு நாளும் மண் அரைத்துக்கொண்டிருக்கிறது. "சத்தம் நிண்ட பிறகு கழட்டுவன்" என்கிறார் தம்பி. சரி, உள்ளே வெறும் 5 பிஎஸ்ஐ மிஞ்சியிருந்தாலும் அந்த மூடியில் 140 இறாத்தல் தள்ளு இருக்கிறது. அறுபத்து மூன்று கிலோ. மூடிக்கு மேலே குனிந்து நிற்பவரின் முகத்துக்கு அது போதும்.

இதை நான் கணக்குப் போட்டு மட்டும் சொல்லவில்லை. வெளிநாட்டில் எங்களோடு வேலை செய்த ஒரு நேபாளத் தம்பிக்கு நடந்ததைப் பார்த்தவன். நொசில் அடைத்துக்கொண்டது. கொம்பிறசரைப் பூட்டிவிட்டு, காற்றுப் போயிருக்கும் என்று நினைத்து, தாங்கியின் பக்கத்து மூடியை, கை விட்டுத் துப்புரவு செய்யும் அந்த மூடியைக் கழற்றினார். அமுக்கமானி பூச்சியம் காட்டியது. ஆனால் அமுக்கமானிக்குப் போகும் சின்னத் துவாரத்தை மண் அடைத்திருந்தது. ஈரத் தூசி இறுகியதில் சைலன்சரும் அடைத்துப்போயிருந்தது. காற்று உள்ளேயே இருந்தது. மூடி அவரின் தாடையை உடைத்து ஒரு கண்ணையும் எடுத்துக்கொண்டு போனது. கம்பனித் தாங்கி, எல்லா வால்வும் உள்ள தாங்கி. சைலன்சரைக் கழற்றித் தட்டுவது ஐந்து நிமிட வேலை. அந்த வாரம் அதை ஒருவரும் செய்திருக்கவில்லை.

அன்றிலிருந்து நான் அமுக்கமானியை நம்புவதில்லை. முள்ளு பூச்சியத்தில் நின்றாலும், அடியில் உள்ள வடிகால் குழாயை முழுவதும் திறந்து, காதால் கேட்டு, கையால் காற்று வரவில்லை என்று பார்த்து, அதைத் திறந்தபடியே விட்டுவிட்டுத்தான் தாங்கியைத் தொடுவேன். இரவிலும் அது திறந்தே இருக்க வேண்டும். எங்கள் ஊர் ஈரத்துக்கு உள்ளே தேங்கும் தண்ணீரும் அதனால் வெளியேறிவிடும்.

இனி வெளியேற்றும் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் கொம்பிறசருக்கு ஒயில் மாற்றுவார்கள், நொசில் தேய்ந்தால் உடனே கவனிப்பார்கள். காற்றுப் போகும் வழியை எவரும் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு முறை கைபிடியை விடும்போதும் மண் கலந்த காற்று அந்த வெளியேற்றும் வால்வ் வழியாகப் பாய்கிறது. ஒரு நாளில் நாற்பது, ஐம்பது தடவை. இரும்பின் துருவை உரிக்கிற மண் வால்வின் றப்பரை விட்டுவைக்குமா? அதனால் தாங்கியில் மிக விரைவாகத் தேயும் உறுப்புகளில் அதுவும் ஒன்று. தேய்ந்ததற்கு அடையாளம் சுலபமானது. மண் அடித்துக்கொண்டிருக்கும்போது சைலன்சர் பக்கம் மெல்லிய சீறல் கேட்கும். கேட்டால் அன்றைக்கே நிறுத்த வேண்டும். றப்பர் ஒரு சின்ன விலை. விட்டால் அந்தக் கீற்று வழியாகப் போகும் மண் வால்வின் உடலையே அறுத்துவிடும்.

வால்வுக்கு முன்னால் மண்ணைப் பிடித்து வைக்க ஒரு வலைப்பெட்டி இருக்கும். அதை ஒவ்வொரு நாளும் வேலை முடிவில், வடிகால் திறந்த பிறகு, கழற்றிக் கொட்ட வேண்டும். வலை கிழிந்திருந்தால் சாக்குத் துண்டோ நுளம்பு வலையோ வைத்துச் சமாளிக்கக் கூடாது. சைலன்சரைத் தட்டிப் பார்த்து, காற்று இலகுவாகப் போகவில்லை என்றால் மாற்றிவிட வேண்டும். ஒயில் பிடித்த சைலன்சர் கழுவினாலும் சரிவராது. சிலர் சத்தம் அயலுக்குக் கேட்கிறது என்று வெளியேற்றும் குழாயின் முனையில் சின்னக் குழாய் ஒன்றைப் பொருத்திக் குழி ஒன்றுக்குள் விடுகிறார்கள். குழாய் சிறுத்தால் காற்று மெதுவாகப் போகும். மெதுவாகப் போனால் கைபிடியை விட்ட பிறகும் நொசில் பல வினாடிகள் அடித்துக்கொண்டே இருக்கும். காலில் விழுந்த நொசில் மூன்று வினாடி அடித்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை.

இதைச் சோதிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். வாரம் ஒருமுறை நொசிலை வெறுந்தரைப் பக்கம் பிடித்து, கைபிடியை விட்டு, வாய்விட்டு எண்ணுங்கள். போன வாரம் இரண்டு எண்ணியதும் நின்றது இந்த வாரம் நாலு எண்ணும்வரை நிற்கவில்லை என்றால், வெளியேற்றும் வழியில் எங்கோ அடைப்பு.

காற்றால் இயங்கும் கைபிடிகளில் இன்னொரு விடயம் உண்டு. கைபிடியை அழுத்தாதபோது அதிலுள்ள சின்னத் துவாரம் ஒன்றால் காற்று எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். புதிதாக வருபவர்கள் அதைப் பழுது என்று நினைப்பார்கள். பழுதில்லை, அதுதான் பாதுகாப்பு. அழுத்தும்போது அந்தத் துவாரம் மூடுபட்டு, உள்ளே அமுக்கம் கூடி, தாங்கி இயங்கத் தொடங்குகிறது. அந்தத் துவாரத்தை மண் அடைத்தாலோ, நீங்கள் ரேப் சுற்றினாலோ, தொடாமலே தாங்கி வேலையைத் தொடங்கிவிடும். நிலத்தில் கிடக்கும் நொசில் பாம்புபோல் எழும்பும்.

கொம்பிறசரில் உள்ள சேப்ரி வால்வும் அப்படித்தான். அது சீறினால் ஆணியை இறுக்குகிறவர்களை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறேன். ஒருவர் மரக்கட்டை அடித்து வைத்திருந்தார்! வால்வ் பழுதென்றால் மாற்றுங்கள். பழுதில்லை என்றால் அது சீறுவது கொம்பிறசர் அளவுக்கு மேலே போகிறது என்பதற்காக. அதன் வாயை அடைத்தால் அடுத்ததாகப் பேசப்போவது தாங்கியின் ஒட்டு.

ஏன் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். குறை சொல்ல மனம் வரவில்லை. 1984 டிசம்பரில் கொக்கிளாயை விட்டு வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஏழு வயது. தொண்ணூறுகளில் புதுக்குடியிருப்பில் ஒரு கராச்சில் வேலை பழகினேன். பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை, போத்தலால் இரண்டு துளி பெற்றோல் பீச்சி உதைத்துவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். பற்றரி இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலில் விளக்கு எரித்துப் படித்தார்கள் பிள்ளைகள். கசிகிற இடத்தை எதையாவது வைத்து அடைப்பது, இல்லாத சாமானை இருக்கிற சாமானால் செய்வது, அதுதான் எங்கள் தொழிற்கல்வி. அந்தக் கைதான் எங்களை உயிரோடு வைத்தது. ஆனால் மண்ணெண்ணெய் ஊற்றிய மோட்டார் சைக்கிள் பிழைத்தால் புகை தள்ளி நிற்கும், நீங்கள் இறங்கித் தள்ளுவீர்கள். அமுக்கம் ஏற்றிய தாங்கி அப்படி நிற்காது. காற்றை அமுக்கினால் அது வில்லைப்போல் சக்தியைச் சேர்த்து வைக்கிறது. அதனால்தான் இத்தகைய தாங்கிகளைச் சோதிக்கும்போது காற்றால் அல்ல, தண்ணீரால் நிரப்பி, வேலை அமுக்கத்தைவிடக் கூடிய அமுக்கம் கொடுத்துப் பார்ப்பார்கள். தண்ணீர் பெரிதாக அமுங்காது. ஒட்டு விட்டால் ஒழுகும், வெடிக்காது.

இலங்கையின் 1942 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அமுக்கக் காற்றுத் தாங்கிகளுக்குச் சேப்ரி வால்வ், அமுக்கமானி, வடிகால் எல்லாம் வேண்டும் என்கிறது. தகுதியுள்ளவர் இடைக்கிடை பரிசோதிக்கவும் வேண்டும். எங்கள் ஊர் வளவுகளுக்குள் எந்த அதிகாரியும் வந்து பார்த்ததை நான் காணவில்லை. வராவிட்டாலும் வெல்டர் ஒருவரையும் தண்ணீர்ப் பம்பி ஒன்றையும் கொண்டு நாங்களே அந்தச் சோதனையைச் செய்யலாம். காஸ் சிலிண்டரை வெட்டிச் செய்வது பற்றியும் கேட்கிறார்கள். சிலிண்டரின் சுவர் பலமானதுதான். ஆனால் நீங்கள் வெட்டிய ஓட்டையும் ஒட்டிய ஒட்டும் அந்தப் பலத்துக்கு உரியவை அல்ல. மிச்சக் காஸோடு வெட்டத் தொடங்கி எரிந்துபோனால் பிறகு தாங்கியைப் பற்றிக் கதைக்கவே தேவை வராது.

தாங்கியால் வெளியேறும் காற்றை மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. நொசிலால் வெளியேறுவது நெஞ்சுக்குள் போகிறதே.

தம்பி அடித்தது கடற்கரை மண். வளவின் மூலையில் குவித்திருந்தார், கறுப்புக் கோடுகள் ஓடிய மண். அந்தக் கறுப்பு இல்மனைட். களப்புக்கு அக்கரையில் புல்மோட்டையில் பல பத்தாண்டுகளாக அதைத்தான் அள்ளிக் கப்பலேற்றுகிறார்கள். இக்கரையில் முகத்துவாரத்தில் அள்ள வந்தபோது ஊர்ச்சனம் எதிர்த்தது. மண்ணுக்காக இவ்வளவு கதைத்த ஊரில், அதே மண்ணைப் பிள்ளைகள் சுவாசிப்பதைப் பற்றி எவரும் கதைக்கவில்லை. கறுப்பை விட்டால் மிச்சத்தில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. இரும்பில் மோதும்போது ஒவ்வொரு மணியும் நொறுங்கி, தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய தூசாகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கில் நிற்கும். தெரியாததுதான் நுரையீரலின் அடிவரை போய் அங்கேயே தங்கி, தழும்பாக்கி, மூச்சைக் குறைக்கும். சிலிக்கோசிஸ் என்பது அதன் பெயர். குணமாக்கும் மருந்து இல்லை. சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் தொற்றுவதும் அதிகம்.

பிரித்தானியா வார்ப்பிரும்புப் பொருட்களுக்கு மணல் அடிப்பதை 1949 ஆம் ஆண்டின் விதிகளால் தடுத்தது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1974 இலேயே சிலிக்கா மணலைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. துருக்கியில் டெனிம் காற்சட்டைக்குப் பழசு போலத் தோற்றம் வருவதற்காக மண் அடித்த இளைஞர்கள் வரிசையாக இறந்த பிறகு, 2009 இல் அந்தத் தொழிலுக்கு அங்கே தடை வந்தது. அவர்களில் பலர் தம்பியின் வயதுக்காரர், சில வருடங்களே வேலை செய்தவர்கள்.

முகத்தில் சாரம் கிழித்துக் கட்டுவதும் கொரோனாக் கால முகக்கவசமும் இதற்கு உதவாது. வெளிநாட்டில் எங்களுக்குத் தலைக்கவசத்துக்குள் தனிக் குழாயில் சுத்தமான காற்று வந்தது. அதையும் சும்மா கொம்பிறசரிலிருந்து எடுக்க முடியாது. சூடேறிய ஒயில் கொம்பிறசரின் காற்றில் காபனோரொட்சைட்டு வரலாம். வடியும் அதைக் காட்டும் மணியும் வேண்டும். இவ்வளவும் கொக்கிளாயில் ஒரு சின்னத் தொழிலாளிக்கு எட்டாது என்பது தெரியும். எட்டுவது அடிக்கும் பொருளை மாற்றுவது. கப்பல் தளங்களில் செப்புக் கசடும் கார்னெட்டும் அடித்தோம். தூசி அவற்றிலும் உண்டு, அதற்கும் நல்ல சுவாசக் கவசம் வேண்டும். ஆனால் சிலிக்கா மிகக் குறைவு. கார்னெட்டைக் கூட்டி அள்ளி, அரித்து, இரண்டு மூன்று முறை பாவிக்கலாம். கடற்கரை மண்ணுக்கு இன்னொரு குறையும் உண்டு. அதிலுள்ள உப்பு இரும்பில் ஒட்டிக்கொண்டு, பெயின்ற்றுக்கு அடியில் மறுபடி துருவைத் தொடக்கும். கழுவாத கடல்மண் அடித்த வேலை ஒரு வருடத்தில் கொப்பளிக்கும். வாடிக்கையாளரை இழக்க விரும்பினால் அதைப் பாவிக்கலாம்.

வாடைக்கும் சோளகத்துக்கும் ஏற்ப நிற்கும் இடத்தை மாற்றுவது, வீட்டுப் பக்கம் காற்று அடிக்கும் நாளில் வேலையை விடுவது, உரிந்த பழைய பெயின்ற்றைக் களப்பில் கொட்டாமல் அள்ளிக் கட்டுவது இவையெல்லாம் காசு கேட்காத வேலைகள். அந்தக் களப்பு 1951 முதல் பறவைகள் சரணாலயம். எங்கள் இறாலும் அதற்குள்தான்.

ஏற்கெனவே ஒன்றிரண்டு வருடம் மண்ணில் நின்றவர்கள், படி ஏறும்போது மூச்சு வாங்கினால், மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போய் நெஞ்சு எக்ஸ்றே எடுக்கச் சொல்லுங்கள். என்ன வேலை செய்தீர்கள் என்பதை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

தம்பியிடம் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. மூடிக் கணக்கை மட்டும் தரையில் தடியால் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு பெட்டி நிக்குது அண்ணை. லீசிங் கட்ட வேணும். புதுத் தாங்கி வாங்கிறதுக்கு என்னட்ட எங்க காசு?"

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. முல்லைத்தீவில் பாவித்த கம்பனித் தாங்கி ஒன்று விற்பனைக்கு நிற்பது தெரியும். வால்வ் றப்பரும் சைலன்சரும் மாற்ற வேண்டும். மற்றப்படி உடல் நல்லது. இதே தொழில் செய்யும் இன்னும் இரண்டு பேரோடு கூட்டாக வாங்கலாமா என்று இப்போது கதைத்துக்கொண்டிருக்கிறோம். முடிவாகவில்லை. நாலு பெட்டியையும் அதுவரை கிரைண்டரில் கம்பிச் சில்லு போட்டுத் தேய்க்கிறார், மெதுவாகத்தான் போகிறது, சம்மாட்டி இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்.

அவர் செய்த தாங்கி கிணற்றடியில் நிற்கிறது. அதன் மூடியை நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்திருக்கிறேன்.